பொம்மைப் படைக்குச் சாயம் பூசுவது வீண் வேலையா?

"ஒண்ணுக்கு எவ்வளவு தாரான்ல?"

நண்பர்களே, இது என் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி. போன செமஸ்டர் விடுமுறையில் ஒருநாள் ராத்திரி பத்து மணி இருக்கும். அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அதே டியூப் லைட் வெளிச்சத்தில், சுவர் ஓரமாக உட்கார்ந்து, சுண்டுவிரலில் பாதி உயரம் கூட இல்லாத ஒரு பொம்மைச் சிப்பாய்க்கு நான் சட்டைக் கலர் பூசிக்கொண்டிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுகிற என்னை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பையன் ஏதோ கூலி வேலை பிடித்து வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கேள்வி.

"யாரும் ஒண்ணும் தரமாட்டாங்கம்மா. சும்மாதான் செய்யுதேன்" என்றேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சும்மாவா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு இலையை எடுத்தார். எங்கள் வீட்டில் யாருடைய கையும் இதுவரை சும்மா ஒரு வேலை செய்ததில்லை. அதனால் அந்த "சும்மா" எனக்கே உறுத்தியது. அன்றிலிருந்து யோசித்ததைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்கிறேன். தப்பாக இருந்தால் கேன்டீனில் பிடித்துக் கேளுங்கள்!

அப்படி என்ன வேலை அது?

பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின், அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு மேஜையிலேயே நடக்கிற ஒரு பொழுதுபோக்கு இது. மேஜை மேல் ஆடுகிற போர் விளையாட்டுக்கான குட்டிச் சிப்பாய்களை வாங்கி, ஒட்டி, சாயம் பூசி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு படையையே திரட்டுவார்கள். ஆட்டத்தில் கட்டம் கிடையாது. டேப் வைத்து இத்தனை அங்குலம் என்று அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டி அடி பட்டதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். ஆட்டம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் படை தயாரிக்க மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு ஆகும். பகடையைத் தொடாமல் சாயம் மட்டும் பூசிக்கொண்டே இருப்பவர்களும் நிறைய உண்டு. செல்போனில் இதன் வீடியோ ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டுத்தான் நானும் மாட்டிக்கொண்டேன். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் இந்தப் பொம்மைகளுக்குச் சாயம் பூசுவது தனக்குப் பிடித்த வேலை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய உடம்பு, இத்தனூண்டு பிரஷ்!

இன்று பரவலாக இருக்கும் அளவு 28 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் படைகளும் உண்டு. நம்ம மெக்கானிக்கல் பையன்களுக்கு இதில் நிறையத் தெரிந்த முகங்கள் தென்படும். பொம்மையின் பக்கவாட்டில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். ஃபவுண்டரியில் நாம் படித்த அதே பார்ட்டிங் லைன்தான். முதல் வேலை அதைக் கத்தியாலும் அரத்தாலும் சுரண்டி எடுப்பது. பிறகு அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு போக சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அடுத்து பிரைமர். அதன் மேல் அடிப்படைக் கலர். அதுவும் குழப்பிக் கெட்டியாக அப்பக் கூடாது. தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு தடவை. ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால் சட்டை மடிப்பு, மூக்கு, விரல் எல்லாம் சாயத்துக்குள் புதைந்துபோகும். இது என் சொந்த அனுபவம். என் முதல் சிப்பாய்க்கு இன்றுவரை மூக்கு கிடையாது.

இதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். நிஜ மனிதனின் சட்டையில் மடிப்பு ஆழமாக இருக்கும். வெளிச்சம் பட்டால் நிழல் தானாக விழும். 28 மில்லிமீட்டர் பொம்மையில் மடிப்பின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நிழல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் சாயத்தாலேயே போட்டுக் காட்ட வேண்டும். ரொம்ப நீர்த்த கருஞ்சாயத்தைப் பூசினால் அது பரப்பு இழுவிசையால் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் போய்த் தேங்கும். இதை வாஷ் என்கிறார்கள். காய்ந்ததும், சாயத்தை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேலோட்டமாக வருடினால் மேடு மட்டும் வெளிர் நிறம் பிடிக்கும். பள்ளத்துக்கு இருட்டு, மேட்டுக்கு வெளிச்சம். முதல் வருட பிசிக்ஸ் ஒரு சிப்பாயின் தோளில் ஏறி நிற்கிறது!

ஒரு படைக்கு நூறு பேர், ஒருவருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட இருநூறு மணி நேரம். அதனால் அனுபவசாலிகள் ஒவ்வொரு பொம்மையாக முடிப்பதில்லை. பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, பத்துப் பேருக்கும் கால்சட்டை, பிறகு பத்துப் பேருக்கும் பெல்ட், பிறகு பூட்ஸ் என்று போவார்கள். புரொடக்‌ஷன் லைன் என்பது தொழிற்சாலையில் மட்டும் இல்லை.

சதுரங்கத்தில் தொடங்கிய கதை

இந்தக் கதையின் வேர் நம் பக்கத்து வேர்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு அங்கம் கொண்ட படையைப் பலகையில் ஆடிய சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1780-ல் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் அந்தச் சதுரங்கத்தை விரித்து, ஆறு, மலை, காடு எல்லாம் கலரால் காட்டிய பெரிய பலகையில் ஒரு போர் ஆட்டம் அமைத்தார். 1812-ல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ், மன்னருக்காகவே ஒரு போர் மேஜை செய்தார். அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி, 1824-ல் அதற்கு முறையான விதிகளை வெளியிட்டார். கட்டம் போய் நிஜமான நில வரைபடம் வந்தது. படைகள் நீலம், சிவப்பு என்று சாயம் பூசிய சின்னக் கட்டைகள். ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே அது ஆடப்பட்டது. ஆக, பிறவியிலேயே இது அப்பாவி விளையாட்டு இல்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் பெரிய பெயர் ஹெச்.ஜி. வெல்ஸ். கால இயந்திரத்தைக் கதையில் ஓட்டிய அதே ஆங்கில எழுத்தாளர்தான். அவர் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகம் எழுதினார். தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரத்துண்டைப் போட்டுச் சுட்டு விழுத்துகிற ஆட்டத்துக்கான விதிகள் அதில் இருந்தன. வெல்ஸின் அம்மா பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர். வெல்ஸே சிறுவயதில் துணிக்கடையில் பழகுநராகச் சேர்க்கப்பட்டவர். 1884-ல் உதவித்தொகை கிடைத்து லண்டனில் விஞ்ஞானம் படிக்கப் போனார். நம்ம கேஸ்தான்!

வெல்ஸ் காலத்துப் பொம்மைகள் மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு பொறியியல் காரணம் உண்டு. 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் (ஜூனியர்) உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். அச்சின் சுவரைத் தொட்ட பகுதி உடனே இறுகி ஓடாகும். நடுவில் இன்னும் இளகி இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். பொம்மை கூடாக நிற்கும். உலோகமும் எடையும் விலையும் குறைந்தது. ஜெர்மனியின் கெட்டிப் பொம்மைகள் போட்டியில் பின்தங்கின.

1959-ல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் குட்டிச் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்கத் தொடங்கியபோது பள்ளிக்கூடப் பையன்களின் கைக்காசுக்கும் படை கிடைத்தது. 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' புத்தகம் பிரிட்டனில் பலரை இதற்குள் இழுத்தது. 1975-ல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் 'வார்ஹாமர்' என்ற கற்பனை உலகப் போர் விளையாட்டை வெளியிட்டது. இன்று நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்கள் பட்டியலிலேயே ஏறிவிட்டது. பொம்மைதானே என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

காசுக்குச் சாயம் பூசியவர்கள்

இப்போது அம்மாவின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். "ஒண்ணுக்கு எவ்வளவு?" என்று கேட்டது அறியாமல் கேட்ட கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அதுதான் இந்தத் தொழிலின் பழைய கேள்வி என்று!

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க், ஃபூர்த் நகரங்கள் வெள்ளீயப் பொம்மைச் சிப்பாய்களுக்குப் பேர் போனவை. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸன் 1839-ல் நியூரம்பெர்க்கில் தொடங்கிய பட்டறை அவற்றில் புகழ்பெற்றது. ஸ்லேட் கல்லில் உருவம் செதுக்கி, அதில் வார்த்த தட்டையான சிப்பாய்கள் அவை. வார்ப்பு பட்டறையில் நடந்தது. சாயம் பூசும் வேலை? வீடுகளுக்குப் போனது. பெண்களும் குழந்தைகளும் வீட்டில் உட்கார்ந்து, எண்ணிக்கைக் கணக்கில் கூலிக்குப் பூசினார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடிக் கடையில் கணக்குப் பார்க்கிற அதே முறை. சாயம் பூசிய பொம்மை வசதியான வீட்டுக் குழந்தைக்குப் போகும். பூசிய குழந்தைக்கு அடுத்த தட்டு வரும்.

நுணுக்கமாகப் பூசுகிற கைகளின் கதை இன்னும் கொடூரமாகவும் போனது உண்டு. 1917-ஐ ஒட்டி அமெரிக்காவின் நியூஜெர்சியில், இருட்டில் மின்னும் கடிகார முகப்புக்கு ரேடியம் கலந்த சாயம் பூச இளம்பெண்களை வைத்தார்கள். முனை கூராக இருக்க பிரஷ்ஷை உதட்டில் வைத்து முறுக்கும்படி சொல்லிக்கொடுத்தார்கள். ரேடியம் எலும்புக்குள் போய்ப் பலருக்குத் தாடை அழுகியது, பலர் இறந்தார்கள். 1927-ல் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள்; 1928-ல் சமரசம் ஆகி நஷ்டஈடு கிடைத்தது. இன்றைக்கும் பொம்மைக்குச் சாயம் பூசுகிறவர்களில் சிலர் பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்குகிறார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம் நண்பர்களே. டிஷ்யூ காகிதமோ பழைய பனியன் துணியோ போதும்.

ஆக, ஒரே பிரஷ், ஒரே சிப்பாய், ஒரே வீட்டு மேஜை. ஒருத்தருக்கு அது கூலி, இன்னொருத்தருக்கு இஷ்டம். நான் தகராறு செய்வது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

எதிர்க்கட்சி வாதங்கள்

பட்டிமன்றம் மாதிரி எதிர்த்தரப்பையும் பேசவிடுவோம். ஹாஸ்டலில் நான் கேட்ட வசனங்கள்தான் இவை.

"சின்னப் புள்ளை விளையாட்டுடா இது!" என்பது முதல் வாதம். இருக்கட்டுமே. சின்னப் பிள்ளைகள் இதைச் செய்துவிட முடியாது என்பதுதான் வேடிக்கை. 28 மில்லிமீட்டர் முகத்தில் கண் போடுவதற்கு வேண்டியது பொறுமையும் அடங்கிய கையும். ஃபிட்டிங் ஷாப்பில் அரை மணி அரம் தேய்த்ததும் "சார், போதுமா சார்?" என்று கேட்கிற நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது?

"பணக்காரன் விளையாட்டு!" என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை. வெளிநாட்டு நிறுவனத்தின் ஒரு பெட்டிச் சிப்பாய் வாங்கும் காசில் நம்ம ஆள் செமஸ்டர் பரீட்சைக் கட்டணமே கட்டிவிடலாம். போதாக்குறைக்கு, வாங்கியதை எல்லாம் அவர்கள் பூசி முடிப்பதும் இல்லை. பூசாமல் அலமாரியில் கிடக்கும் பெட்டிகளை அவர்களே வேடிக்கையாக "வெட்கக் குவியல்" என்று சொல்கிறார்கள். நாம் எழுதாமல் சேர்த்துவைத்திருக்கும் ரெக்கார்டு நோட்டு மாதிரி! வாங்குவதே பொழுதுபோக்காகிவிட்டால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் சாயம் பூசும் கலை பெட்டிக்குள் இல்லை. என் படை ஆறு காலாட்களும் ஒரு குதிரையும். எலெக்ட்ரிக்கல் லேபில் கழித்துப் போட்ட செப்புக் கம்பி எலும்பு, எம்-சீல் சதை, ஃபேவிக்ரில் அக்ரிலிக் சாயம் சட்டை. வெளிநாட்டுச் சிற்பிகள் மாதிரி உருவம் செய்யப் பயன்படுத்துவதும் இதே போல இரண்டு பாகம் கலந்து பிசைகிற எபாக்ஸி மாவுதான். பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ரொம்பப் பொடி பிரஷ் வேண்டியதில்லை. முனை கூராக நிற்கிற ஒன்றாம் நம்பர் போதும். பொடி பிரஷ்ஷில் சாயம் நிற்காது, பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "போரை விளையாட்டாக்கலாமா?" இதற்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நிஜப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல், தளபதிகள் எல்லாம் இப்படித் தரையில் ஆடிப் பார்த்தால் பெரும் போர் எவ்வளவு முட்டாள்தனம் என்று புரியும் என்பதுதான் வெல்ஸின் கருத்து. நல்ல கருத்து. ஆனால் புத்தகம் வந்த அடுத்த வருடமே, 1914-ல், முதல் உலகப் போர் வெடித்தது. அப்போது அந்தப் போரை ஆதரித்து எழுதியவர்களில் வெல்ஸும் ஒருவர். பொம்மை அதைச் செய்த மனிதரையே தடுக்கவில்லை. ஆகவே "இது சமாதானத்தை வளர்க்கும்" என்று நான் புளுக மாட்டேன். கொடூரமான படைகளின் சீருடையை, அவர்கள் செய்ததைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல், "சூப்பரா இருக்கு" என்று பூசுவதும் எனக்குச் சம்மதமில்லை.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்ல முடியும். பிரஷ்ய அதிகாரியின் வரைபடத்தில் சிப்பாய் ஒரு கட்டை. நீலம் இத்தனை, சிவப்பு இத்தனை. கட்டைக்கு முகம் கிடையாது. ஒரு சிப்பாயின் முகத்தில் இரண்டு மணி நேரம் குனிந்து கிடந்தவனுக்கு அவனைக் கட்டையாகப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். என் ஆறு பேரில் மூக்கில்லாதவன் யார், கொஞ்சம் சாய்ந்து நிற்பவன் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது பெரிய ஞானம் இல்லை. ஆனால் எண்ணிக்கையாகப் பார்ப்பதற்கும் முகமாகப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று கை வழியாகத் தெரிந்துகொண்டேன்.

நான்காவது: "வேலைக்கு உதவுமா?" இந்தக் கேள்விக்கு நான் ஒரு பட்டியலே போடலாம். கை அடங்கும், அச்சு, வார்ப்பு, மேற்பரப்புப் பூச்சு எல்லாம் புரியும், இண்டர்வியூவில் சொல்லலாம்... எல்லாம் உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. ஏன் என்பதுதான் என் கட்சி.

என் கட்சி

நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் செய்தாலும் "இதால என்ன பிரயோஜனம்?" என்று மனசு கணக்குக் கேட்கும். கேட்க வேண்டியதுதான், பின்னால் வீடே காத்திருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் ஒரு மணி நேரம்கூடக் கணக்குக் கேட்காமல் இருக்கக் கூடாதா? பொழுதுபோக்கு வைத்துக்கொள்ள நமக்குத் தகுதி இல்லையா? செல்போனில் மூன்று மணி நேரம் விரல் தேய்த்தால் யாரும் "ஒண்ணுக்கு எவ்வளவு?" என்று கேட்பதில்லை. கையால் ஒன்றைச் செய்தால் உடனே கேட்கிறார்கள். கையால் செய்வது என்றாலே கூலிக்குத்தான் என்று பல தலைமுறையாக நமக்குப் பழக்கிவிட்டார்கள். கையை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவது வசதி படைத்தவர்களின் தனி உரிமை மாதிரி ஆகிவிட்டது. இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்றைக்கு நடந்ததை மிச்சமும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்ச் சிற்பிகள் சாமி சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைப்பார்கள். பொம்மைப் படைக்காரர்கள் பலர் கண்ணை முதலிலேயே போட்டுவிடுவார்கள். தப்பிப்போனால் சுற்றித் தோல் கலர் பூசிச் சரிசெய்யலாம். வெள்ளையில் ஒரு சின்னக் கோடு, நடுவில் கறுப்புப் புள்ளி. நான் இரண்டு சிப்பாய்க்குப் போட்டேன். இரண்டு பேருக்கும் மாறுகண்! அம்மா பார்த்துச் சிரித்துவிட்டார். "அந்தப் பிரஷ்ஷ இங்க தால" என்று வாங்கினார். மிச்சம் நாலு பேருக்கும் கண் போட்டார். ஒவ்வொன்றும் ஒரே தொடல். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நாலு பேரும் நேராக என்னைப் பார்த்தார்கள். இருபது வருடமாகத் தினமும் இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டுகிற விரல்கள் அல்லவா? நியூரம்பெர்க்கில் பூசிய பெண்களின் கையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"நல்லா வருதேம்மா, குதிரைக்கும் போடுங்க" என்றேன். "போல, இன்னும் ஆயிரம் முடியல" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார்.

திறமை எங்கள் வீட்டில் இல்லாமல் இல்லை, நண்பர்களே. நேரம்தான் இல்லை. அம்மா ஆயிரம் ஆயிரமாகச் சுற்றி வாங்கித் தந்த நேரத்தில்தான் நான் இங்கே படிக்கிறேன். அந்த நேரத்தில் பெரும்பகுதி படிப்புக்கு, வேலைக்கு. அதில் ஒரு சின்னத் துண்டு, வாரத்துக்கு ஒரு சாயங்காலம், என் கை தன் இஷ்டப்படி இருக்கட்டுமே என்கிறேன். இது அம்மாவுக்குச் செய்கிற துரோகம் இல்லை. அவருக்குக் கிடைக்காததை நானும் வேண்டாம் என்று தள்ளிவிட்டால் அவருக்கு என்ன லாபம்?

நம்ம சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

வெறுமனே பேசி முடிக்கக் கூடாது. மாணவர் சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். வாரம் ஒருநாள் சாயங்காலம் டிராயிங் ஹாலில் நான்கு மேஜை. கூட்டாகக் காசு போட்டு வாங்கிய ஒரு செட் அக்ரிலிக் சாயம். விளக்கு சரியாக எரிய வேண்டும். அவ்வளவுதான். சிப்பாய்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. கோயில் தேரோ, டவுன் பஸ்ஸோ, மில் புகைபோக்கியோ, அவரவர் ஊர் டீக்கடையோ, எது வேண்டுமானாலும் சின்ன அளவில் செய்து சாயம் பூசட்டும். சிவில் பையன்கள் தரையும் மரமும் போடட்டும்; எலெக்ட்ரிக்கல்காரர்கள் தெருவிளக்கு எரியவிடட்டும். பெண்கள் ஹாஸ்டலுக்கும் அதே நேரம் திறந்திருக்கட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை: இதற்கு இண்டர்னல் மார்க் வேண்டாம், சர்டிஃபிகேட் வேண்டாம், போட்டியும் பரிசும் வேண்டாம். மார்க் வந்துவிட்டால் அதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டு ஆகிவிடும். பக்கத்து டேபிளில் இருப்பதைப் பார்த்துக் காப்பி அடிப்போம். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா!

வருகிறவர்களுக்கு நாலு எச்சரிக்கை. பிரஷ்ஷை வாயில் வைக்காதீர்கள். எம்-சீலைப் பிசையும்போது கையுறை போடுங்கள். காய்ந்ததைத் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். ஸ்பிரே பிரைமரை வெளியே காற்றோட்டத்தில் அடியுங்கள். பழைய உலோகப் பொம்மை கிடைத்தால் அதில் ஈயம் இருக்கலாம். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு இன்னும் நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இந்த மலர் அச்சானதும் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. குதிரைக்கு மட்டும் இன்னும் கண் போடவில்லை. பொங்கல் லீவுக்கு அதையும் பையில் வைத்துக்கொண்டு போகப்போகிறேன்.

சங்கம் ஹால் வாங்கித் தரும்வரை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் என்னைப் பார்க்கலாம். என்னிடம் இரண்டு பிரஷ் இருக்கிறது.

– இரண்டாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை